என் எடிட்டரில் ஆறுகள் சேராது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கேம் செய்யவில்லை. கேம் செய்கிற எடிட்டரைச் செய்தேன். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டில், தெருவில், கோட்டுச்சேரியிலிருந்து காரைக்கால் போகிற பஸ்ஸில் என்று விளக்கி விளக்கித் தொண்டை வறண்டுவிட்டது. தோசை இல்லைங்க, தோசைக்கல்லு என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கு எங்கள் சித்தப்பா, "அப்ப தோசை எப்ப வரும்?" என்று கேட்டார். அதோடு விளக்குவதை விட்டுவிட்டேன்.

உங்களுக்காக ஒரே ஒரு முறை. கதை உள்ள கேம்கள் இருக்கின்றன அல்லவா, ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்து, வழியில் இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்து, சண்டை போட்டு, கடைசியில் எதையோ கண்டுபிடிப்பது. ஆர்பிஜி என்பார்கள். அதைச் செய்வதற்குப் புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஓர் எடிட்டர் இருந்தால் போதும். சதுரம் சதுரமாகக் கட்டம் போட்ட திரை. ஒரு கட்டத்தில் புல், ஒரு கட்டத்தில் சுவர், ஒரு கட்டத்தில் ஒரு பாட்டி, அவள் பேச வேண்டிய வசனம். எல்லாம் மௌஸால் இழுத்து வைக்கிற வேலை. வெளிநாட்டுக்காரன் செய்த எடிட்டர்கள் நிறைய உண்டு. கல்லூரியில் நான் அவற்றில்தான் விளையாடிக்கொண்டிருந்தேன். ஒன்றில் கூடத் தமிழ் வசனம் ஒழுங்காக விழாது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் ஒரு காலிப் பெட்டி. அதில் வந்த கடுப்பில் ஆரம்பித்ததுதான் என் எடிட்டர். நான் செய்த நல்ல காரியங்கள் எல்லாமே கடுப்பில் ஆரம்பித்தவைதான்.

பி.டெக் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அப்பா பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க், மீதி நேரம் வயல். அவர் கணக்கில் நான் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் புத்தகம் உண்மையிலேயே என் மேஜையில் இருந்தது, லேப்டாப்புக்கு அடியில். காற்று போகட்டும் என்று வைத்தது. அப்பாவும் அம்மாவும் வெளியே போன பிறகு கூடத்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் மத்தியானம் மூன்று மணி வரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மொத்த எடிட்டரும் அப்படித்தான் வளர்ந்தது. தனி ஆள். படம் வரைந்தது நான், கோடிங் நான், டெஸ்டிங் நான். பாராட்டியதும் நான்தான்.

அதில் என் பெருமை ஆற்று பட்டன்.

மற்ற எடிட்டர்களில் ஆறு வேண்டும் என்றால் நீலக் கட்டங்களை ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். அது ஆறு இல்லை, நீலச் சுவர். என்னுடையதில் ஓர் இடத்தைத் தொட்டால் போதும், ஆறு தானாகக் கிழக்கு நோக்கி ஓடும். வளையும். நடுவில் ஒரு மதகை வைத்தால் இரண்டாகப் பிரியும். பிரிந்தது மறுபடி பிரியும். வாய்க்காலாகும், வயலுக்குப் போகிற கன்னி வாய்க்காலாகும், கடைசியில் வலது ஓரத்தில் கடலில் விழும். முதலில் வெறும் மணல்தான் இருக்கும். பாத்திரம் ஆற்றின் நடுவிலேயே நடந்து போகலாம். கதையில் எந்த இடத்தில் வேண்டுமோ அந்த இடத்தில் 'தண்ணி வந்தாச்சு' என்று ஒரு சுவிட்ச். போட்டால் மேற்கிலிருந்து கட்டம் கட்டமாகத் தண்ணீர் வரும். அதற்குப் பிறகு யாரும் குறுக்கே போக முடியாது, பாலம் வேண்டும். வழியில் அளவுக்கு மீறி வாய்க்கால் பிரித்தால் கடைசிக் கட்டத்துக்குத் தண்ணீர் வராது. அதையும் நான்தான் எழுதினேன். கடைமடையில் பிறந்தவனுக்கு அதைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை, எட்டிப் பார்த்தால் தெரியும்.

என் காலேஜ் நண்பன் ஒருவன், இங்கே காரைக்கால் பக்கம் தருமபுரத்துக்காரன், இப்போது கோயம்புத்தூரில் வேலை. என் லேப்டாப் எந்த நிமிஷம் மண்டையைப் போடும் என்று சொல்ல முடியாததால் மாதம் ஒரு தடவை மொத்த கோடிங்கையும் அவனுக்கு அனுப்பி வைப்பேன், பத்திரத்துக்கு. அவன் திறந்து பார்த்ததே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் கூப்பிட்டான். அங்கே கேம் செய்கிற ஆர்வமுள்ள பசங்க ஒரு குழு வைத்திருக்கிறார்களாம், வேலைக்குப் போகிறவர்கள், காலேஜில் படிக்கிறவர்கள் எல்லாம் கலந்து. தமிழில் கதை கேம் செய்கிற போட்டி நடத்தப் போகிறார்கள். எதில் செய்வது என்று பேச்சு வந்தபோது இவன் என் எடிட்டரைச் சொல்லியிருக்கிறான். எல்லோரும் சரி என்றுவிட்டார்கள்.

நான் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் இரண்டு சுற்று நடந்தேன். முன்பின் தெரியாத ஆட்கள் என் எடிட்டரைத் திறந்து கேம் செய்யப் போகிறார்கள். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். பரிசு வேண்டாம், வேலை வேண்டாம். யாரோ ஒருத்தர் அந்தக் கல்லில் தோசை ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். போட்டிக்கு முன்னால் பழகிப் பார்க்கட்டும் என்று எடிட்டரை அனுப்பினேன். கேள்வி கேட்பதற்கு ஒரு வாட்ஸாப் குரூப்பும் வைத்தார்கள்.

சாபம் என்றால் என்ன என்று அந்த குரூப்பில்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் மெசேஜ்: கடல் ஏன் எப்பவும் வலது பக்கமே வருகிறது? இரண்டாவது: கடலே வேண்டாம் என்றால் எங்கே அணைப்பது? மூன்றாவது ஆள் மலையூர் ஒன்று செய்துகொண்டிருந்தான். அவனுடைய ஆறு மலைமேல் ஏறி, இறங்கி, ஸ்கூல் கட்டடத்துக்குள் புகுந்து, கிழக்கே போய்க் கடலில் விழுந்திருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு, கீழே சிரிக்கிற பொம்மை வரிசையாக. இன்னொருத்தன், கடைசி வயலுக்குத் தண்ணீர் வரவில்லை, கோடிங்கில் ஏதோ கோளாறு, பக் இருக்கிறது என்றான். பக் இல்லை, அப்படித்தான் வரும் என்று எழுதினேன். அப்படித்தான் வரும் என்றால் என்ன அர்த்தம் ப்ரோ என்றான். எங்கள் ஊருக்கு ஒரு தடவை வந்து பார் ப்ரோ என்று போட்டேன். அதற்கும் சிரிக்கிற பொம்மை.

கிழக்குதான் கடல் என்பதை நான் யோசித்து வைக்கவில்லை. அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. இங்கே வழி கேட்டால் கெழக்கால போங்க, மேற்கால திரும்புங்க என்றுதான் எவரும் சொல்வார்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் கடல் எந்தப் பக்கம் என்று தெரியும். அது ஒரு செட்டிங் என்றே எனக்குத் தோன்றவில்லை. சரி, அதைச் சரி செய்துவிடலாம், ஒருநாள் வேலை. ஆறு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று கேட்கிற ஓர் அம்புக்குறி வைத்தேன். இனிமேல் வாயை மூடுவார்கள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். பவானிக்காரி. காலேஜ் கடைசி வருஷம் என்று குரூப்பில் அறிமுகம் செய்துகொண்டிருந்தாள். குரூப்பில் கேட்காமல் எனக்குத் தனியாக வாய்ஸ் நோட் அனுப்பினாள்.

"ஏனுங்ணா, எங்கூர்ல ரெண்டு ஆறு சேருதுங். அத எப்படிங்ணா வரையறது? நானும் எல்லா பட்டனும் அமுக்கிப் பாத்துட்டனுங்."

நான் அதை மூன்று தடவை கேட்டேன். ரெண்டு ஆறு சேருது. என் எடிட்டரில் ஆறு பிரியும், பிரியும், பிரிந்துகொண்டே போகும். சேராது. சேருவதற்கு ஒரு பட்டனும் கிடையாது. நான் பிறந்ததிலிருந்து தெருவுக்குத் தெரு பார்த்ததெல்லாம் பிரிகிற ஆறுதான். ஒன்று வந்து நாலாகும், நாலு நாற்பதாகும், கடைசியில் கடல். ஆறு என்றாலே அதுதான் என்று மண்டைக்குள் இருந்திருக்கிறது. இத்தனைக்கும் எங்கள் வயலுக்கு வருகிற தண்ணீரே அவள் வீட்டைத் தாண்டித்தான் வருகிறது. பவானியும் காவிரியும் அங்கே சேர்ந்த பிறகுதான் இந்தப் பக்கம் வரும். எட்டாம் வகுப்பில் வரைபடத்தில் பேனாவால் வரைந்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன். கோடிங் எழுதும்போது அந்த வரைபடம் எங்கே போனதோ.

சும்மா சமாளிக்கலாம் என்று பார்த்தேன். இரண்டு தனித் தனி ஆறுகள் போட்டு, ஒன்றின் முனையை இன்னொன்றின் பக்கத்தில் கொண்டு போய் ஒட்டிவிடச் சொன்னேன். செய்தாள். சுவிட்சைப் போட்டால் காவிரியில் தண்ணீர் வருகிறது, பவானி காய்ந்து கிடக்கிறது. மாற்றிப் போட்டால் பவானி ஓடுகிறது, காவிரி நடுவோடு நின்றுவிடுகிறது. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் எடிட்டரே மூடிக்கொள்கிறது.

காரணம் எனக்குத் தெரியும். ஆற்றின் ஒவ்வொரு துண்டும் தனக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஓர் இடத்தை ஞாபகம் வைத்திருக்கும். ஓர் இடம்தான். எங்கே போகிறது என்பது எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், எங்கிருந்து வருகிறது என்பது ஒன்றே ஒன்று. ஒரு அம்மாவுக்கு எத்தனை பிள்ளையும் இருக்கலாம், ஒரு பிள்ளைக்கு இரண்டு அம்மா கிடையாது, அந்த மாதிரி. மொத்த ஆறும், மதகும், தண்ணீர் கணக்கும் அந்த ஒற்றை நினைப்பின் மேல் நிற்கிறது. அதை உருவினால் எல்லாம் சரியும்.

அவளிடம் கடுப்பில் கேட்டேன், ஒரே ஓர் ஆற்றை வைத்துக்கொண்டு கதையை முடிக்க முடியாதா என்று.

"முடியாதுங்ணா," என்றாள். "அக்கா ஒரு ஆத்தங்கரைல வர்றா, தம்பி இன்னொரு ஆத்தங்கரைல வர்றான். ரெண்டு பேரும் மாறி மாறி ஆடணும். கூடுதுறைலதான் பாத்துக்குவாங்க. ஆறு சேரலைன்னா அவங்க எங்கீங்ணா சேருவாங்க?"

போட்டிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பேயும் வாளும் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் ஒருத்திதான் ஆற்று பட்டனை அது எதற்கு இருக்கிறதோ அதற்கு எடுத்தாள். அவளுக்குத்தான் அது வேலை செய்யவில்லை. செம காண்டு. யார் மேல் என்று தெரியாத காண்டு வேறு.

உடைத்துத் திரும்ப எழுதுவது என்று முடிவு செய்தேன். அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. உள்ளே மாற்றினால் மற்றவர்கள் இதுவரை வரைந்து வைத்த எந்த மேப்பும் புது எடிட்டரில் திறக்காது. அதைத் திறக்க வைக்க இன்னொரு வேலை. போட்டி பக்கத்தில் வந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில் நண்பன் ஊருக்கு வந்தான், அவனுடைய அக்கா குழந்தைக்கு ஞானஸ்நானம். கோயில் முடிந்து தருமபுரம் வீட்டில் சாப்பாடு. அவன் அம்மா எனக்கு இரண்டாவது தடவையும் பிரியாணி வைத்துவிட்டு, தம்பி ஏதோ கேம் பண்ணுதாமே, எப்ப டிவில வரும் என்று கேட்டார்கள். சீக்கிரம் வரும்மா என்றேன். சாப்பிட்டதும் அவன் ஸ்கூட்டரில் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ரோடெல்லாம் பக்கத்து ஜில்லாவிலிருந்து குடிக்க வந்த வண்டிகள். இடம் தேடி நடந்து, அரசலாறு கடலில் விழுகிற பக்கமாக ஒரு கல்லில் உட்கார்ந்தோம். அவன் ஷர்ட்டில் இன்னும் குழந்தை கக்கிய பால் வாசனை.

"மாப்ள, ஒண்ணு சொல்றேன், கோவப்படாத," என்றான்.

"அப்ப சொல்லாத."

"அந்த ஆத்து பட்டனத் தூக்கிடு. மத்ததெல்லாம் நல்லாருக்குடா. தமிழ் எழுத்து அவ்ளோ சுத்தமா விழுது, எல்லாரும் சொல்றானுவ. ஆறுதான் மானத்த வாங்குது."

"ஆத்தத் தூக்குனா அது எவனோ பண்ண எடிட்டரு. என்னோடது இல்ல."

"ஒன்னோடதுன்னா நீயே வச்சு வெளையாடிக்கடா. பத்து பேர் கையில குடுத்துட்டல்ல. அவனுக்கு எது வேணுமோ அதத்தான் அவன் பாப்பான்."

"அந்தப் பவானிப் பொண்ணுக்கு ஆறுதான் வேணும். நான் மாத்தி எழுதப் போறேன்."

"ஒருத்திக்கா? மத்தவன் மேப்பெல்லாம்? போட்டிய வச்சுக்கிட்டு எல்லாத்தையும் ஒடைச்சிட்டு, புதுசா வரைங்கடான்னு சொல்லுவியா?" என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துச் சொன்னான். "ஒனக்கு எடிட்டர் வேணுமா, ஆறு வேணுமாடா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நியாயம் இல்லாமல் பேசியிருந்தால் நாலு கெட்ட வார்த்தையோடு முடிந்திருக்கும். பழைய மேப்பும் திறக்கிற மாதிரி செய்து காட்டுகிறேன், போட்டிக்கு முன்னால் கொடுக்கிறேன் என்றேன். அவன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஸ்கூட்டரை எடுத்தான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உட்கார்ந்த இடத்தில் நடந்தது. தனி ஆளாக எழுதுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எல்லாம் தன் மண்டையில் இருக்கிறது என்று எங்கேயும் குறிப்பு எழுதி வைக்க மாட்டான். ஒரு வருஷத்துக்கு முந்தைய நான் எழுதிய கோடிங்கைப் படித்தால் யாரோ பகையாளி எழுதி வைத்த மாதிரி இருந்தது. மதகு என்பதற்கு ஓர் இடத்தில் ஒரு பெயர், இன்னோர் இடத்தில் வேறு பெயர். தண்ணீர் எங்கிருந்து என்பதை ஒன்றிலிருந்து பலவாக மாற்றியதும் புதுசாக ஒரு கூத்து ஆரம்பித்தது. பிரிந்த இரண்டு கிளைகள் கீழே போய் மறுபடி சேர்ந்தால் தண்ணீர் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்து பெருகிக்கொண்டே போனது. திரை முழுக்கக் கடல். பாட்டி, வீடு, கோயில் எல்லாம் முழுகி, ஒரு மாட்டின் தலை மட்டும் வெளியே.

நடுவில் கரண்ட் இல்லாத ஒரு பகல். பராமரிப்பு என்று சொல்லி சாயங்காலம் வரை நிறுத்திவிட்டார்கள். லேப்டாப் பேட்டரி கால் மணி தாங்காது. எங்கே போய் சார்ஜ் போடுவது? வழக்கமாக தருமபுரம் போவேன். அந்த வீட்டுக்குப் போக அன்றைக்கு மனசு வரவில்லை. வாசலில் உட்கார்ந்து பழைய காலண்டர் அட்டையின் பின்னால் ஆற்றைப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தேன். அப்பா வயலிலிருந்து வந்தவர் நின்று பார்த்தார்.

"என்னடா வாய்க்கா வரையற? படிக்கிறேன்னு சொன்ன."

"ரெண்டு ஆறு சேர்ந்தா தண்ணி கணக்கு எப்படிப்பா வரும்?"

"சேர்ந்தாவா? எனக்கென்ன தெரியும். நம்மகிட்ட வரப்ப எல்லாத்தையும் பிரிச்சுட்டுத்தான அனுப்புறான்." காலைக் கழுவிக்கொண்டே, "பரீட்சைல இதயா கேக்குறான்?" என்றார்.

ஆமாம் என்றேன். கூசவே இல்லை.

அந்தச் சுற்றலை எப்படியோ நிறுத்தினேன். இரண்டு ஆறும் சேர்ந்தன. சின்னத் திரையில், சோதனைக்காகப் போட்ட கட்டங்களில், வடக்கிலிருந்து ஒன்று, மேற்கிலிருந்து ஒன்று, சேர்ந்து அகலமாகக் கிழக்கே திரும்பியது. அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பழைய மேப்புகளைத் திறக்கிற வேலை பாக்கி. பாதி முடிந்திருந்தது. அப்போது அவளிடமிருந்து மெசேஜ்.

"அண்ணா, இன்னைக்கு வந்த புது எடிட்டர்ல ஆத்து பட்டனே காணமுங்க?"

நான் புதுசாக எதையும் அனுப்பவில்லை.

குரூப்பைத் திறந்தேன். நண்பன் போட்டிருந்தான். போட்டிக்கான இறுதி எடிட்டர், எல்லோரும் இதையே பயன்படுத்தவும், பழைய மேப் எல்லாம் திறக்கும். கீழே கைதட்டல், நன்றி ப்ரோ, சூப்பர் ப்ரோ. இறக்கித் திறந்தேன். என் எடிட்டர்தான். என் ஐகான், என் வசனப்பெட்டி, நான் வரைந்த மாடு. ஆற்று பட்டன் இருந்த இடத்தில் சப்பட்டையான நீலக் கட்டம் ஒன்று. தண்ணீர் வேண்டுமானால் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொள்ள வேண்டும். முகப்பில் என் பெயர் சின்னதாக இருந்தது. அதற்குக் கீழே, 'மேம்படுத்தியது' என்று இன்னொரு பெயர். அவன் ஆபீஸ்காரன் எவனோ.

பத்திரமாக வைக்கக் கொடுத்ததை அறுத்து வைத்திருக்கிறான்.

ஃபோன் போட்டேன். எடுத்ததுமே, "திட்டு மாப்ள, திட்டிக்க," என்றான். திட்டினேன். எங்கள் தெருவில் ஒரு கிழவர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்க்கிற அளவுக்குத் திட்டினேன். மூச்சு வாங்க நான் நிறுத்தியதும் அவன் பேசினான்.

"முடிஞ்சுதா? ஒனக்கு எத்தன தடவ கால் பண்ணேன்? எடுத்தியா? அங்க எல்லாரும் வேற எடிட்டருக்குப் போறோம்னு சொல்லிட்டானுவ. அப்படியே விட்டிருந்தா ஒன் எடிட்டரே இருந்திருக்காது."

"இப்ப மட்டும் இருக்கா?"

"ஒம் பேருதான் மேல போட்டிருக்கு."

"எம் பேர எடுத்துட்டு ஆத்தத் திரும்ப வைடா," என்றேன்.

அவன் "நீ திருந்த மாட்ட," என்று வைத்துவிட்டான்.

பழைய மேப் திறக்கிற வேலையை முடித்தேன். கோபத்தில் வேலை வேகமாக ஓடும் என்று யாரும் நம்ப வேண்டாம். தப்பு தப்பாக ஓடும். முடித்துவிட்டு குரூப்பில் போடவில்லை. அந்தக் கைதட்டல்களுக்குக் கீழே என்னுடையதை வைக்க மானம் இடம் கொடுக்கவில்லை. அவளுக்கு மட்டும் அனுப்பினேன். இதில் ஆறு சேரும், எந்தப் பக்கமிருந்தும் வரும், ஓட்டிப் பார் என்று பெருமையாக வேறு எழுதினேன்.

அன்று சாயங்காலமே பதில் வந்தது.

"ரொம்ப தேங்க்ஸுங்ணா. ஆனா நான் முடிச்சுட்டனுங். நீலக் கட்டம் வச்சே வரைஞ்சுட்டேன். கை வலிச்சுதுங், பரவால்ல."

கூடவே கேமும் அனுப்பியிருந்தாள்.

அதைத் திறக்காமல் எத்தனை நேரம் இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். உலகத்திலேயே ஒரே ஓர் ஆளுக்காக ஓர் ஆற்றை உடைத்துக் கட்டினேன். அந்த ஆள் நான் வெறுக்கிற நீலச் சுவரை வைத்தே வேலையை முடித்துவிட்டாள். கருவி செய்கிறவனை இதைவிட அசிங்கப்படுத்த முடியாது. உன் கருவி இல்லாமலும் நடந்துவிட்டது, நன்றி அண்ணா. அதையும் அவ்வளவு மரியாதையாகச் சொன்னால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

பிறகு ஆடினேன். குறை கண்டுபிடிக்கத்தான் ஆடினேன்.

அக்கா வடக்கிலிருந்து வருகிறாள். தம்பி மேற்கிலிருந்து. அக்கா ஆற்றங்கரையில் ஒரு கடையில் வழி கேட்டால், கடைக்காரர் வழியைத் தவிர எல்லாம் சொல்கிறார். தம்பியிடம் ஒரு நாய் வசனம் பேசுகிறது. என் எடிட்டரில் நாய்க்கு வசனம் வைக்கலாம் என்று எனக்கே தெரியாது. சிரித்துவிட்டேன், அதற்கும் கோபம் வந்தது. கூடுதுறை வந்தது. அவள் கையால் அடுக்கிய நீலக் கட்டங்கள் கோணல்மாணலாக, ஓரம் எல்லாம் பல் பல்லாக. தண்ணீர் ஓடவில்லை, அப்படியே நின்றது. ஆனால் இரண்டு ஆறும் சேர்ந்திருந்தன, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அக்கா இந்தக் கரையில், தம்பி அந்தக் கரையில். நடுவில் தண்ணீர். அவர்கள் எப்படிச் சேருவார்கள் என்று பாலத்தைத் தேடினேன். இல்லை. அம்புக்குறியை அமுக்கிக்கொண்டே கரையோரம் போனேன். ஓர் இடத்தில் அக்கா தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள்.

பிடித்துவிட்டேன். பக். தண்ணீரில் யாரும் நடக்க முடியாது என்பது எடிட்டரின் அடிப்படை விதி. இவள் ஒரு கட்டத்தில் நீலத்துக்குப் பதில் வேறு எதையோ நீல நிறமாக்கி வைத்திருக்கிறாள். உடனே அனுப்பினேன், கூடுதுறையில் ஒரு கட்டம் தப்பு, ஆள் தண்ணீரில் இறங்குகிறது என்று. அதை அனுப்பியதில் எனக்கு ஒரு குரூர சந்தோஷம் இருந்தது, மறைக்கவில்லை.

"தப்பில்லீங்ணா," என்று வந்தது. "அங்க படித்துறைங். எல்லாரும் அதுலதான் எறங்கித் தண்ணில நிப்பாங்க. நீங்க ஆத்துல யாருமே எறங்கக் கூடாதுன்னு வச்சிருந்தீங்க, அதான் தரைக்கு நீலம் அடிச்சு ஏமாத்திட்டேன். மொதல்ல ஆத்து பட்டன்லயே அது முடியலீங்ணா. உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன், நீங்க ரொம்பக் கோவமா இருந்தீங்க."

அதாவது ஆறு சேர்ந்திருந்தாலும் என் பட்டன் அவளுக்கு உதவியிருக்காது. இதைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். ஆற்றுக்கு அவ்வளவு கணக்கு எழுதினேன், மதகு, கடைமடை, வரத்து. ஆற்றில் ஆள் இறங்கும் என்று எழுதவில்லை.

போட்டி நடந்தது. அவளுக்குப் பரிசு இல்லை, பேய் கேமுக்குத்தான் கொடுத்தார்கள். அதற்கும் சேர்த்துக் கடுப்பானேன். நண்பன் மறுபடி கூப்பிட்டான், சமாதானக் குரலில். குழுவுக்கு எடிட்டர் பிடித்துவிட்டதாம், அடுத்தடுத்த போட்டிக்கும் அதையே வைத்துக்கொள்ளப் போகிறார்களாம். ஆறு இல்லாததைத்தான். எல்லோரும் அதிலேயே பழகிவிட்டார்களாம். நான் சரி என்றால் அதையே என் பெயரில் எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டுவிடலாம் என்றான். வெளியிட்டுக்கோ, என் பெயர் வேண்டாம் என்றேன். வீம்பு பிடிக்காதே என்றான். வீம்பு இல்லை, அதில் ஆறு இல்லை என்றேன். இப்போது அது அங்கே வேறு பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. என்னுடையதை வைத்திருப்பவர்கள் என்று எண்ணினால் நானும் அவளும்தான்.

என்னுடையதை நான் தனியாக வெளியிடப் போகிறேன். திறந்ததும் வருகிற சாம்பிள் மேப்பாக அவளுடைய கூடுதுறையை வைத்துக்கொள்ளலாமா என்று அவளிடம் கேட்டேன், கட்டங்களை எடுத்துவிட்டு நிஜமாக ஓடுகிற ஆறாக மாற்றி. தாராளமாக என்றாள். ஒரு நிபந்தனை, படித்துறை இருக்க வேண்டும், நீலம் அடித்து ஏமாற்றாமல்.

அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். தண்ணீரில் யாரும் நடக்க முடியாது என்ற விதி எடிட்டரில் எங்கெங்கெல்லாம் இருக்கிறது என்று தோண்டத் தோண்ட வருகிறது. ஆள் இறங்கினால் எந்த ஆழம் வரை? மாடு இறங்கலாமா? தண்ணீர் வரும்போது அங்கே நிற்கிற ஆள் என்ன ஆவான்? ஒவ்வொன்றுக்கும் அவளிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அவள் பதிலோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்தே அனுப்புகிறாள். காலையில் வந்தது, பரிசல் வைக்க முடியுமாங்ணா என்று. அதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை.